ஒருத்தரையும் தாண்டிப் போகாதை

மகள்,

வெள்ளவத்தைக்கும் கொட்டாஞ்சேனைக்கும் இடையில ஒரு பஸ் ஓட்டம்தான் தூரம், அதுக்கு ஒரு கடிதமோ எண்டு நீ சிரிப்பாய். சிரி. ரெலிபோனில "ஓம் அப்பா, ஓம் அப்பா" எண்டு நீ சொல்லுற வேகத்திலயே நீ கேக்கேல்லை எண்டு எனக்கு விளங்கிப்போகும். மற்றது, இந்தக் காலத்தில ரெலிபோனில கதைக்கக் கூடாத கதையள் இருக்கு. இது அதில ஒண்டு. அதால ஞாயிற்றுக்கிழமை அந்தப் பக்கம் வாற மாமாவின்ர கையில இதைக் குடுத்து விடுறன். நீ கலியாணம் கட்டிப் போனாப் பிறகு வீடு சரியான அமைதி. அம்மாவுக்கு அது பிடிச்சிருக்காம். எனக்குத்தான் கேள்வி கேக்க ஆள் இல்லாமல் வாய் கடிக்குது.

போன கிழமை வந்தபோது நீ சொன்னாய், உங்கட பக்கத்தில சேர்ச் ஆக்கள் வீட்டில கூடிச் செபிக்கிற வீட்டுக்குழுவை இனி உன்னையே நடத்தச் சொல்லிப் போட்டார் போதகர் எண்டு. எனக்குப் பெருமைதான், முகத்தில காட்டேல்லை. நீயும் அம்மாவும் மேசையில இருந்து கதைச்சதை நான் பேப்பர் வாசிக்கிற மாதிரி கேட்டுக்கொண்டிருந்தன். என்ன பாட்டோட தொடங்கிறது, வேதப்பகுதியை எப்பிடி ஆயத்தப்படுத்திறது, கனக்கக் கதைக்கிற ஆளை எப்பிடி நிப்பாட்டிறது எண்டெல்லாம் கேட்டாய். அதெல்லாம் அம்மா வடிவாச் சொல்லித் தருவா. பிறகு எழும்பிப் போகேக்க ஒண்டு சொன்னாய். கிராண்ட்பாஸில இருந்து ஒரு அக்கா வாறவ, வாயே திறக்கிறதில்லை, எல்லாரிட்டயும் எதுக்காகச் செபிக்க வேணுமெண்டு கேட்டுக்கொண்டு வரேக்க அவவைச் சங்கடப்படுத்தக் கூடாதெண்டு தாண்டிப் போறனான் எண்டு. அம்மா என்னவோ சொல்ல வாயெடுத்தவ, பிறகு என்னைத் திரும்பிப் பாத்தா. நானும் அவவைப் பாத்தன். அந்தப் பார்வைக்குள்ள என்ன இருந்ததெண்டு உனக்குத் தெரியாது. அது நடந்த காலத்தில நீ சென்னையில படிச்சுக்கொண்டிருந்தாய். அதைத்தான் எழுத வந்தனான்.

வீட்டுக்குழு நடத்திற வேலை எனக்குத் தெரியாது எண்டதை முதல்லயே சொல்லிப்போடுறன். எங்கட வீட்டில இத்தனை வருஷம் நடத்தினது அம்மா. என்ர உத்தியோகம் கதிரை இழுத்துப் போடுறது, கேற்றைத் திறக்கிறது, முடிய எல்லாருக்கும் தேத்தண்ணி குடுக்கிறது. வேதப்பகுதியை விளங்கப்படுத்தச் சொன்னா நாக்கு மேலண்ணத்தில ஒட்டிப்போகும். ஆனா ஆக்களைப் பாக்கச் சொன்னாப் பாத்துக்கொண்டே இருப்பன். ஆர் எந்தக் கதிரைக்கு ஓடுகினம், ஆர் ஆருக்குப் பக்கத்தில இருக்கிறதில்லை, பாட்டு நடக்கேக்க ஆர் வாயை மட்டும் அசைக்கினம், எல்லாம் எனக்கு அறிய வேணும். அம்மா இதுக்கு ஊர்த்துழாவாரம் எண்டு பேர் வைச்சிருக்கிறா. நான் இதை அக்கறை எண்டு சொல்லுவன். எங்கட கலியாணம் முழுக்க இந்த வழக்கு நடந்துகொண்டுதான் இருக்கு.

நீ சென்னைக்குப் போகேக்கயே எங்கட ஒழுங்கைத் தெரு எப்பிடி இருந்ததெண்டு உனக்கு நினைப்பிருக்கும். எங்கயாவது குண்டு வெடிச்சா அண்டைக்குப் பின்னேரமே பொலிஸ் வந்து நிக்கும். வீட்டில ஆர் ஆர் இருக்கினமெண்டு பதிஞ்சு வைச்சிருக்க வேணும். அப்பிடிக் காலத்தில தமிழாக்கள் கொஞ்சப் பேர் கிழமைக்குக் கிழமை ஒரு வீட்டில கூடுறதெண்டா லேசில்லை. அதால குழுவுக்குள்ள ஒரு பழக்கம் வந்தது. ஆர் தொடங்கினதெண்டு தெரியாது, ஒருத்தரும் தீர்மானிக்கவும் இல்லை. செபக் குறிப்புச் சொல்லேக்க பேர் சொல்லுறதில்லை. "வவுனியாவில ஒரு சகோதரி", "கடிதம் வராத ஒரு தகப்பன்", "இடம்பெயர்ந்த ஒரு குடும்பம்". வருத்தம் சொல்லலாம், ஊர் சொல்லலாம், பேர் மட்டும் இல்லை. ஆண்டவருக்குத் தெரியும்தானே எண்டு சொல்லுவினம். ஆண்டவருக்குத் தெரியும், எனக்குத் தெரியாதே எண்டு நான் உள்ளுக்குள்ள அந்தரப்படுவன். தேத்தண்ணி குடுக்கிற சாட்டில மெல்லமாக் கேட்டுப் பாப்பன், "அந்தத் தகப்பன் ஆர்?" எண்டு. அம்மா குசினி வாசலில நிண்டு முறைப்பா.

குழுவில வந்த எல்லாரையும் எழுத வெளிக்கிட்டா இந்தக் கடிதம் முடியாது. ரெண்டு பேரைச் சொல்லுறன். ஒருத்தர் தோமஸ் அண்ணர், பென்சன் எடுத்த மனுசன். அவர் செபம் தொடங்கேக்க கல்கிசைப் பக்கம் போன ரெயில், அவர் ஆமென் சொல்லேக்க திரும்பிக் கோட்டைக்குப் போகும். மற்றது லில்லி மிஸ், படிப்பிச்சு ஓய்வு பெற்றவ. சேர்ச்சில இருந்து சனிக்கிழமையில ரிமாண்ட் சிறைக்குப் போற கூட்டத்துக்கு அவதான் தலைவி. உள்ளுக்க இருக்கிற பொடியளுக்குக் குளிக்கச் சவர்க்காரம், பற்பசை குடுத்து ரெண்டு வார்த்தை ஆறுதலாக் கதைச்சுப்போட்டு வருவா. தமிழ்ப் பொடியன், சிங்களப் பொடியன் எண்டு பாக்கிறதில்லை. இந்த ரெண்டு பேரும் அவையின்ர உண்மையான பேரில்லை. நீ கண்டுபிடிச்சிடுவாய், ஆனாலும் மாத்தித்தான் எழுதுறன். பாத்தியே, அந்தப் பழக்கம் எனக்கும் இன்னும் போகேல்லை.

ஒரு புதன்கிழமை பாட்டு நடந்துகொண்டிருக்கேக்க கேற்றடியில ஒரு மனுசி நிக்கிறதைக் கண்டன். ஐம்பது வயசு இருக்கும், வெளிறின சேலை, நெத்தியில திருநீறு. போய்த் திறந்தன். "உதில வந்து கொஞ்ச நேரம் இருக்கலாமோ?" எண்டு கேட்டா. யாழ்ப்பாணத்துப் பேச்சு. "அதுக்கென்ன, வாங்கோ" எண்டு கூட்டிக்கொண்டு வந்து வாசலோட இருந்த கதிரையில இருத்தினன். பாட்டுக்கு வாய் திறக்கேல்லை. செபம் தொடங்க மட்டும் அழுதா, சத்தமில்லாமல். சேலைத் தலைப்பால துடைக்கத் துடைக்க திருநீறும் அழிஞ்சுபோச்சு. தேத்தண்ணி குடிச்சா, கும்பிட்டா, போயிட்டா. அடுத்த புதனும் வந்தா. அதுக்கடுத்த புதனும் வந்தா. எங்கட ஒழுங்கையில இருக்கிற லொட்ஜில தங்கியிருக்கிறா எண்ட அளவில தெரிய வந்தது. மகேசு அக்கா எண்டு அவவுக்கு இந்தக் கடிதத்தில பேர் வைப்பம்.

அவ ஏன் வாறா எண்டதுதான் எனக்குப் பெரிய யோசினை. தோமஸ் அண்ணர் ஆண்டவர் தொட்டிட்டார், ஞானஸ்நானத்துக்கு ஆயத்தம் எண்டார். அது எனக்குச் சரியாப் படேல்லை, தொட்டிருந்தா பாட்டுப் புத்தகத்தையாவது தொட்டிருப்பா. அந்த லொட்ஜ் அறையள் அவிச்சுக் கொட்டும், எங்கட மின்விசிறிக்காகவோ எண்டு யோசிச்சன். ஆனா அவ இருந்த கதிரைக்குக் காத்தே வராது. தனிமைக்காகவோ எண்டால் ஒருத்தரோடயும் கதைக்கிறதில்லை. எனக்கு நித்திரை வரேல்லை எண்டு சொன்னா நீ நம்ப மாட்டாய், அம்மாவைக் கேள். "கேட்டுத்தான் பாப்பமே" எண்டு சொன்னன். "ஒருத்தர் எங்கட வீட்டுக்குள்ள வந்து நிம்மதியா இருக்கிறா, அதைக் கெடுக்கிறேல்லை" எண்டு அம்மா என்ர வாயை அடைச்சுப் போட்டா.

அம்மாவின்ர பக்கத்தையும் சொல்ல வேணும். சைவக்கார மனுசி ஒருத்தர் தன்ர துன்பத்தோட வந்து இருக்கேக்க, நாங்கள் வேதம் சொல்லி மடக்கப் பாக்கிறம் எண்டு அவ ஒரு நாளும் நினைக்கக் கூடாதெண்டு அம்மா உறுதியா இருந்தா. அதால செபக் குறிப்புக் கேட்டுக்கொண்டு வரேக்க, மகேசு அக்காவின்ர இடம் வந்தவுடன அவவைப் பாத்து ஒரு சிரிப்புச் சிரிச்சுப்போட்டு அடுத்த ஆளிட்டப் போயிடுவா. எவ்வளவு மரியாதையான சிரிப்பு தெரியுமோ. மகேசு அக்காவும் திரும்பிச் சிரிப்பா. நாங்கள் எல்லாரும், எவ்வளவு நாகரிகமா நடக்கிறம் எண்டு உள்ளுக்குள்ள சந்தோஷப்பட்டுக்கொள்ளுவம். இப்ப நீ கிராண்ட்பாஸ் அக்காவுக்குச் செய்யிறதும் இந்தச் சிரிப்புத்தான். தாயைப்போல பிள்ளை, வேற என்ன சொல்ல.

அந்த நாளையில லில்லி மிஸ் ஒரு குறிப்புச் சொல்லத் தொடங்கினா. "நான் போற இடத்தில ஒரு பிள்ளை இருக்கிறான். மற்றவைக்கு எப்பவாவது ஒருத்தர் வருவினம், இவனுக்கு ஆரும் வாறதில்லை. ஆரும் இருக்கினமோ தம்பி எண்டு கேட்டா, எனக்கு ஒருத்தரும் இல்லை மிஸ் எண்டு சொல்லுறான். அந்தப் பிள்ளையை நினைச்சுக்கொள்ளுங்கோ." அண்டையில இருந்து எங்கட குழுவில அவனுக்கு ஒரு பேர் வந்தது, ஒருத்தரும் இல்லாத பிள்ளை. ஒவ்வொரு புதனும் அவனுக்காகச் செபிச்சம். தோமஸ் அண்ணருக்குக் கூட அவனைச் சொல்லேக்க குரல் உடைஞ்சுபோகும். ஒரு நாள் போகேக்க மகேசு அக்கா லில்லி மிஸ்ஸின்ர கையில ஒரு சவர்க்காரத்தை வைச்சா. "அந்த ஒருத்தரும் இல்லாத பிள்ளைக்குக் குடுத்து விடுங்கோ" எண்டா. அவ எங்கட வீட்டில வாய் திறந்து இவ்வளவு நீளமாக் கதைச்சது அதுதான் முதல். பிறகு ஒவ்வொரு கிழமையும் கொண்டுவந்தா. தான் உடுப்புத் தோய்க்கிற சவர்க்காரத்தாலதான் குளிக்கிறா எண்டு நினைக்கிறன், ஆனா அந்தப் பிள்ளைக்குக் குடுத்தது வாசமான சந்தனச் சவர்க்காரம்.

மாரி தொடங்கின நேரம் அம்மாவுக்குத் தொண்டை அடைச்சுப்போச்சு. ஒரு சொல்லு வெளியில வரேல்லை. கூட்டத்தை நிப்பாட்டுவம் எண்டன். வேண்டாம், நீங்கள் நடத்துங்கோ எண்டு கையால காட்டினா.  பாட்டைத் தோமஸ் அண்ணர் தொடங்கிக் குடுத்தார், வேதப்பகுதியை லில்லி மிஸ் பாத்துக்கொண்டா. செபக் குறிப்புக் கேக்கிறது மட்டும் என்ர தலையில விழுந்தது. எனக்குத் தெரிஞ்ச ஒரே முறை தேத்தண்ணி குடுக்கிற முறை. வாசலில தொடங்கி அப்பிடியே வட்டமாப் போனா ஒருத்தரும் தவற மாட்டினம். வாசலில இருந்தது மகேசு அக்கா. அம்மா தன்ர கதிரையில இருந்து, வேண்டாம் எண்டு தலையை ஆட்டினா. நான் கண்டனான். காணாத மாதிரி நிண்டனான். துணிவு எண்டு நினைக்காதை பிள்ளை, எனக்கு அறிய வேணும், அவ்வளவுதான்.

"அக்கா, உங்களுக்கு நாங்கள் எதுக்காகச் செபிக்கிறது?" எண்டு கேட்டன்.

 கடற்கரைப் பக்கம் ரெயில் ஒண்டு போனது. அது போய் முடியுமட்டும் ஒருத்தரும் அசையேல்லை. பிழை விட்டிட்டன், அடுத்த ஆளிட்டப் போவம் எண்டு நான் திரும்ப, அவ சொன்னா, "என்னட்டயும் கேப்பியள் எண்டு ஒவ்வொரு கிழமையும் பாத்துக்கொண்டிருந்தனான். திருநீறு பூசினவை சொல்லக் கூடாதாக்கும் எண்டு நினைச்சு விட்டிட்டன்."

அம்மாவின்ர முகத்தை நான் பாக்கேல்லை. பாக்க ஏலாமல் இருந்தது.

மகேசு அக்கா நிலத்தைப் பாத்துக்கொண்டு கதைச்சா. "எனக்கு ஒரு மகன். ஒரே ஒரு பிள்ளை. மனுசன் ஷெல் பட்டுப் போனாப் பிறகு, இவனையாவது வெளியில அனுப்புவம் எண்டு கொழும்புக்குக் கூட்டிக்கொண்டு வந்தனான். கொள்ளுப்பிட்டியில விசா அலுவல், போட்டு வாறன் அம்மா எண்டு காலமை போனவன். சோதனைச் சாவடியில மறிச்சதைக் கண்டவை இருக்கினம். அதுக்குப் பிறகு ஒண்டும் தெரியாது. பொலிசில கேட்டன், இல்லையெண்டிட்டினம். திரும்பப் போய்க் கேட்டா உன்னையும் பிடிச்சு வைப்பினம், லொட்ஜுக்கும் கரைச்சல் எண்டு லொட்ஜ்காரர் சொல்லிப்போட்டார். இருக்கிறானோ இல்லையோ எண்டு தெரிஞ்சாக் காணும் எனக்கு. வேற ஒண்டும் வேண்டாம்."

தோமஸ் அண்ணர் கண்ணை மூடிக் கையைக் கூப்பினார். "அன்பின் ஆண்டவரே, ஒரு தாயின்ர ஒரு மகனுக்காக" எண்டு தொடங்கினார். எனக்கு எங்கயிருந்து வந்ததோ தெரியாது, "பொறுங்கோ அண்ணர்" எண்டன். செபத்தை நான் இடையில மறிச்சது அண்டைக்கு மட்டும்தான். "அக்கா, மகன்ர பேர் என்ன?"

 ஒருத்தர் யன்னலைப் பாத்தார். லில்லி மிஸ் என்னைப் பாத்தா. அம்மா பாதி எழும்பிப்போட்டா. மகேசு அக்கா ஒவ்வொருத்தர்ர முகமாப் பாத்துக்கொண்டு வந்தா, கன நேரம். பிறகு தகப்பன்ர பேரோட சேத்து முழுப் பேரையும், ஊரையும் சொன்னா. அந்தப் பேரை நான் இதில எழுதேல்லை.

லில்லி மிஸ்ஸின்ர மடியில இருந்த வேதப்புத்தகம் வழுகி விழுந்தது. அவ குனிஞ்சு எடுக்கேல்லை. "அக்கா, பிள்ளைக்கு வலது கைச் சின்ன விரல் வளைஞ்சிருக்குமோ?" எண்டு கேட்டா.

"ஓம். சின்னனில கிணத்துக் கப்பியில நசிஞ்சது."

"இருக்கிறான், அக்கா. உங்கட பிள்ளை இருக்கிறான். நான் சனிக்கிழமையில போற இடத்திலதான் இருக்கிறான். நீங்கள் சவர்க்காரம் குடுத்து விடுற பிள்ளை அவன்தான்."

 மாசக்கணக்காத் தாய் வாசலோட இருக்கிறா, மகனுக்குச் சவர்க்காரம் குடுத்த மனுசி எதிர்க்கதிரையில இருக்கிறா. நாங்கள் எல்லாரும் நடுவில இருந்து, ஒருத்தரும் இல்லாத பிள்ளைக்காக உருகி உருகிச் செபிச்சுக்கொண்டிருந்திருக்கிறம். அந்தத் தாயும் சேந்து அழுதிருக்கிறா, எந்தத் தாய் பெத்த பிள்ளையோ எண்டு. மகேசு அக்கா உடன அழேல்லை. "அவன் ஏன் ஒருத்தரும் இல்லையெண்டு சொன்னவன்?" எண்டு கேட்டா.  மறுமொழியையும் தானே சொன்னா, "நான் இஞ்ச இருக்கிறன் எண்டு தெரிஞ்சா என்னையும் கொண்டு போவினம் எண்டு பயந்திருக்கிறான்." அதுக்குப் பிறகுதான் அழுதா, வாய் விட்டு. அம்மா போய் நிலத்தில அவவின்ர காலடியில இருந்து மடியில தலையை வைச்சிட்டா. குரல் இல்லாத மனுசி, வேற என்ன செய்வா.

ரெண்டு நாளைக்குப் பிறகு அம்மாவுக்குக் குரல் திரும்பினது. முதல் வேலையா என்னைப் பிடிச்சுக்கொண்டா. கேட்டது சரி, அதைத் தானே முந்தியே கேட்டிருக்க வேணும் எண்டு சொன்னா. "ஆனா பேரை ஏன் எல்லாருக்கும் முன்னால கேட்டனீங்கள்? வெளியில போய் வாய் தவறுற ஒருத்தர் அண்டைக்கு அதுக்குள்ள இருந்திருந்தா? உங்களுக்கு அறிய வேணுமெண்டதுக்காக அந்தப் பிள்ளையின்ர உயிரோடயே விளையாடுறது?" எண்டா. நான் கேட்டபடியால்தானே பிள்ளை கிடைச்சவன் எண்டு சொல்லலாம். சொன்னனான். அது மறுமொழி இல்லையெண்டு எனக்கே தெரியும், பிள்ளை. நல்லதா முடிஞ்சபடியால நான் செய்தது நல்லதெண்டு ஆகாது. இதை வாசிச்சுப்போட்டு நீ எல்லாரிட்டயும் பேரும் ஊரும் விசாரிக்க வெளிக்கிட்டிடாதை. எதைக் கேக்கலாம், எந்த அறைக்குள்ள கேக்கலாம் எண்டு நீதான் பாத்து முடிவெடுக்க வேணும். அதில நானும் அம்மாவும் இண்டைக்கும் ஒத்துப்போகேல்லை.

சனிக்கிழமைக்கு மகேசு அக்காவையும் தங்கட கூட்டத்தில ஒராளாக் கூட்டிக்கொண்டு போறதெண்டு லில்லி மிஸ் முடிவெடுத்தா. தாய் எண்டு காட்டக் கூடாது. நல்லகாலம், அவவின்ர அடையாள அட்டை கலியாணத்துக்கு முந்தி எடுத்தது, மகன்ர பேரோட ஒட்டாது. திருநீறை அழிச்சுப்போட்டுப் போனா நல்லதெண்டு தோமஸ் அண்ணர் சொன்னார். அவ அழிக்கத் தயாராத்தான் நிண்டா. "தேவையில்லை அக்கா, அப்பிடியே வாங்கோ" எண்டு சொல்லிப்போட்டா லில்லி மிஸ். வாசலில நிண்ட காவலாளி திருநீறைப் பாத்துக் கேட்டானாம், சேர்ச் ஆக்களோட இவ ஆர் எண்டு. "மே நோனா அப்பே குரூப் எக்கே" எண்டு சிங்களத்தில சொன்னாவாம் லில்லி மிஸ். இவ எங்கட குழு எண்டு. ஞானஸ்நானம் எப்ப எண்டு கேட்டுக்கொண்டிருந்த தோமஸ் அண்ணர், இதைக் கேட்டாப் பிறகு அந்தக் கதையையே விட்டிட்டார்.

பொடியனைக் கொண்டுவந்து நிப்பாட்டினவையாம். தாயைக் கண்டவுடன அவன்ர முகம் வெளிறினதாம். பக்கத்தில நிண்ட காவலாளிக்குக் கொஞ்சம் தமிழ் விளங்கும். அவனுக்குச் சந்தேகமோ, சும்மா கேட்டானோ தெரியாது, "தம்பி, இந்த அம்மா தெரியுமா?" எண்டிருக்கிறான். பொடியன் தாயின்ர முகத்தை நேராப் பாத்துக்கொண்டு, "தெரியாது. எனக்கு ஒருத்தரும் இல்லை" எண்டானாம்.  மகேசு அக்கா உடன, "அப்ப நான் வாறன், தம்பி. ஒருத்தரும் இல்லாத பிள்ளைக்கு ஒவ்வொரு சனியும் நான் வாறன்" எண்டு சொல்லிச் சவர்க்காரத்தை நீட்டினாவாம்.

அடுத்த புதன் அவவுக்கு வந்த வாயைப் பாக்க வேணும். நான் கேக்க முதலே தொடங்கிப்போட்டா. "தெரியாதெண்டு சொன்னவன். எவ்வளவு வடிவாச் சொன்னவன் தெரியுமோ? கண் கூட அசையேல்லை. நல்லா மெலிஞ்சிட்டான். குரல் மட்டும் மாறேல்லை" எண்டு திரும்பத் திரும்பச் சொன்னா. பெத்த பிள்ளை தன்னைத் தெரியாதெண்டு சொன்னதை இவ்வளவு சந்தோஷமாச் சொல்லுற தாயை நான் அதுக்கு முதலும் காணேல்லை, பிறகும் காணேல்லை. அண்டைக்குத் தேத்தண்ணி குடிக்கேக்க என்ர பழைய கேள்வியையும் கேட்டுப்போட்டன், நீங்கள் ஏன் எங்களிட்ட வந்தனீங்கள் எண்டு. "லொட்ஜில பலகைச் சுவர், ஐயா. அழுதா அடுத்த அறைக்குக் கேக்கும், ஏன் அழுகிறா எண்டு கதை வரும். இஞ்ச கண்ணை மூடிக்கொண்டு எல்லாரும் அழுகினம், ஒருத்தரும் ஏன் எண்டு கேக்கிறேல்லை" எண்டா. இதை நீ வடிவா யோசிச்சுப் பார், மகள். ஒருத்தரும் கேக்காதபடியால்தான் வந்தவ. ஒருத்தரும் கேக்காதபடியால்தான் மாசக்கணக்கா மகனைத் தெரியாமலும் இருந்தவ. ரெண்டும் உண்மை. இதுக்கு என்ன செய்யிறது எண்டு எனக்கு இன்னும் விளங்கேல்லை.

ஆனா எனக்குத் தெரிஞ்ச அளவில சொல்லுறன். கிராண்ட்பாஸ் அக்காவிட்ட நீ கேள். மற்றவையிட்டக் கேக்கிற அதே குரலில, அவவின்ர முறை வரேக்க கேள். "ஒண்டும் இல்லை" எண்டு சொன்னா, சரியக்கா எண்டு அடுத்த ஆளிட்டப் போ. அடுத்த கிழமையும் கேள். சொல்லாமல் இருக்கிறது அவவின்ர உரிமை, கேக்காமல் விடுறது உனக்கு உரிமையில்லை. அமைதி வந்தாப் பயந்து வாயால நிரப்பாதை. ரெயில் ஒண்டு போய் முடியிற நேரமாவது பொறு. உங்கட பக்கம் ரெயில் இல்லை, ஒருகொடவத்தைக்குப் போற கொன்ரெயினர் லொறி இருக்கும், அது போகட்டும். மற்றது, குழு நடத்திற ஆளுக்கு எல்லாம் தெரிஞ்சிருக்க வேணுமெண்டு நினைச்சுப் படிச்சுப் படிச்சு மண்டையை உடைக்காதை. உனக்கு முன்னால இருக்கிற ஆளை அறிய வேணுமெண்ட ஆசை இருந்தாக் காணும். அது உனக்கு என்னட்ட இருந்து கொஞ்சமாவது வந்திருக்கும்.

எங்கட சேர்ச் லோயர் ஒருத்தர் வழக்கை எடுத்தார். இழுபட்டு இழுபட்டு, கடைசியில குற்றம் ஒண்டும் இல்லையெண்டு பொடியனை விட்டினம். இப்ப தாயும் மகனும் இந்த நாட்டில இல்லை, அதால உனக்கு எழுதக் கூடியதா இருக்கு. வெளிக்கிட முதல் ஒரு புதன் ரெண்டு பேரும் சேந்து வந்தவை. அவன் தாய்க்குப் பக்கத்தில, கதிரை விளிம்பில இருந்தான். எல்லாரும் அவனைப் பாக்காத மாதிரி பாத்துக்கொண்டிருந்தம். செபக் குறிப்புக் கேக்கிற நேரம் அம்மா வாசலில இருந்து தொடங்கி வந்தா. மகேசு அக்கா நன்றி எண்டு மட்டும் சொன்னா. "தம்பி, உங்களுக்கு?" எண்டு அம்மா கேட்டா.

"எனக்கு ஒண்டும் இல்லை, அன்ரி" எண்டான். பிறகு கையைப் பிசைஞ்சுகொண்டிருந்திட்டு, "எனக்குப் பக்கத்தில படுத்த பொடியன் ஒருத்தன் இன்னும் உள்ளுக்க இருக்கிறான். அவனும் தனக்கு ஒருத்தரும் இல்லையெண்டுதான் சொல்லுறவன். பேர் சொல்லலாமோ?" எண்டு கேட்டான்.

நான் அம்மாவைப் பாத்தன். அம்மா சுத்தி இருந்த ஒவ்வொருத்தரையும் பாத்தா. எழும்பிப் போய் யன்னலைச் சாத்திப்போட்டு வந்து இருந்தா. "சொல்லுங்கோ தம்பி" எண்டா.

அவன் சொன்னான். லில்லி மிஸ் அந்தப் பேரை வாய்க்குள்ள ஒருக்காத் திருப்பிச் சொல்லிப் பாத்தா. செபிப்பம் எண்டு எல்லாரும் கண்ணை மூட, மகேசு அக்கா மட்டும் மூடேல்லை.

"அந்தப் பிள்ளையின்ர தாய் எந்த லொட்ஜில இருக்கிறாவோ" எண்டு கேட்டா.

அப்பா